இரண்டு பாகம், சேறு

1

நாகப்பட்டினத்தில் மாதப் பத்திரிகை நடத்துகிற என் தங்கை மகன், அக்கரையில் எப்படி வாழ்கிறீர்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லி மூன்று தடவை கடிதம் போட்டுவிட்டான். முதல் தடவை நான் எழுதியதைத் திருப்பி அனுப்பினான். பாசார், கம்பம், லோரி என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டு, இது எந்தப் பாஷை மாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தான். முப்பத்திரண்டு வருஷம் இந்த மலாய் நாட்டில் குப்பை கொட்டியவன் வாயில் வேறு எந்தப் பாஷை வரும்? பாசார் என்றால் சந்தை. கம்பம் என்றால் கிராமம். லோரி என்றால் என் பிழைப்பில் மண்ணைப் போட்ட மோட்டார் வண்டி. இனிமேல் கோடு போடாதே அப்பா.

அக்கரைக்குப் போனவனெல்லாம் பெட்டி நிறையத் தங்கம் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். என்னிடம் இருப்பது ஒரு படகு. முப்பதடி நீளம், ஒரு பாய்மரம், பின்பக்கம் ஓலை வேய்ந்த ஒரு கூண்டு. அந்தக் கூண்டுதான் சமையலறை, படுக்கையறை, கடை, கோயில் எல்லாம். நானும் என் மனைவி சவரியம்மாளும் இதில் குடியேறி, போன மாதா திருநாளோடு இருபது வருஷம் முடிந்தது. சொந்தப் படகில் புருஷனும் பெண்சாதியுமாகக் கரையோரம் ஊர் ஊராகப் போய் வாழ்கிறார்கள் என்று கேட்கும்போது உங்களுக்குச் சொகுசாக இருக்கும். மூன்று நாள் வந்து இருந்து பாருங்கள். நான்காம் நாள் உங்கள் இடுப்பு பதில் சொல்லும்.

நான் இருபத்திரண்டு வயதில் வந்தவன். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோகும் பெரிய படகுகளில் கூலியாக இருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்து சவரியைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். அவள் கட்டுமரக்காரர் வீட்டுப் பெண். தண்ணீரென்றால் பயம் கிடையாது. கரைதான் அவளுக்கு ஆகவில்லை. துறைமுகத்துக் கூலி வீடுகளில் கொசுவும் காய்ச்சலும் சேர்ந்து எங்கள் முதல் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டன. மூன்றாவது பெண் லூர்து. அவளுக்கு மூன்று வயதாகும்போது, நண்டுத் தீவிலிருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், தன் பழைய படகை என்னிடம் தள்ளிவிட்டான். "தண்ணியில கொசு இல்ல, அங்க போயிடுவோம்" என்றாள் சவரி. அன்றைக்கு மூட்டை கட்டியதுதான்.

2

எங்கள் வேலை இதுதான். கிள்ளானில் வெற்றிலை, புகையிலை, மிளகாய், சேலைத்துணி, கருவாடு ஏற்றுவோம். கிள்ளான் ஆற்றில் இறங்கிக் கடலுக்கு வந்து, கரையை ஒட்டியே தெற்கே மோரிப் வரை போவோம். திரும்பும்போது லங்காட் ஆற்றுக்குள் நுழைந்து, பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குச் சரக்குக் கொண்டுபோவோம். படகைத் தோட்டத்துப் படித்துறையில் கட்டியதும் கூலிக் குடியிருப்பான லயங்களிலிருந்து பெண்கள் ஓடிவருவார்கள். சரக்கு வாங்குவதைவிட, கடிதம் கொடுக்கவும் கதை கேட்கவுந்தான் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எங்கள் படகில்தான் ஏற்றிவிடுவார். ஒரு சுற்று முடிய எட்டு நாளாகும், காற்று முரண்டு பிடித்தால் பத்து. ரோடு வந்தது, லோரி வந்தது, எங்களைத் தேடி ஓடிவருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இந்தக் கரையில் எதிரி புயலோ சுறாவோ இல்லை. சேறுதான் எதிரி. தண்ணீர் ஏறும்போது ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஏறும், இறங்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புச் சேறாகக் கிடக்கும். ஆற்று முகங்களில் சேற்று மேடுகளுக்கு நடுவே ஒரு வழி ஓடும். அந்த வழி மழைக்கு மழை இடம் மாறும். வரைபடமெல்லாம் கப்பல்காரர்களுக்கு. எங்களிடம் இருந்தது ஒரு கயிறும் சவரியின் குரலுந்தான்.

கயிற்றின் நுனியில் ஒரு ஈயக்குண்டு. குண்டின் அடியில் சவரி துணி சோப்பை அப்பி வைப்பாள். படகின் முன்முனையில், முன்னணியத்தில் நின்று குண்டை வீசுவாள். அது தரையைத் தொட்டதும், கயிற்றில் கட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்து எத்தனை பாகம் என்று கூவுவாள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், நம் ஊர்க் கணக்குத்தான். பிறகு குண்டை மேலே இழுத்து, சோப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பாள். "ரெண்டு பாகம், சேறு." "ஒன்னு, மணலு." நான் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலுக்குத் திருப்புவேன். படகுக்கு அரைப் பாகத்துக்கு மேல் தண்ணீர் வேண்டும். இரண்டு என்றால் வழியின் நடுவில் இருக்கிறோம், ஒன்று என்றால் மேட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டோம். இருபது வருஷமாக நான் தண்ணீரைப் பார்த்து ஓட்டியதில்லை, அவள் சொன்னதைக் கேட்டு ஓட்டினேன்.

3

லூர்து அந்தப் படகில் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனை பாய்மரத்தில் இருக்க, ஓடியாடி வளர்ந்த பெண். எட்டு வயதில் அவளைக் கிள்ளானில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் தங்கவிட்டோம். பதினேழில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் உத்தியோகம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே கொடுத்த வீட்டில் இருக்கிறார்கள். செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, குழாயைத் திருகினால் தண்ணீர்.

இப்போது அவளுக்குப் படகென்றால் குமட்டுகிறதாம். கலியாணத்துக்கு முந்தின வாரம் இறங்கியவள், அதன்பிறகு ஆறு வருஷம் படகில் கால் வைக்கவில்லை. பேரனுக்கு ஐந்து வயது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். நாங்கள் போனால் தூரத்தில் நின்று முகர்ந்து பார்க்கிறான், கருவாட்டு வாசனை. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் என்னைப் பார்த்து, நீங்கள் கப்பல் கம்பெனியில் பெரிய வேலையிலிருப்பதாக மகள் சொன்னாள் என்று மரியாதையாக எழுந்து நின்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பெண் பேரைக் காப்பாற்ற வேண்டுமே.

லூர்து கெட்டவள் இல்லை. பின்பக்கத்து அறையில் எங்களுக்காகக் கட்டில் போட்டு வைத்து இரண்டு வருஷமாகிறது. வயதான காலத்தில் என்னத்துக்கு அப்பா இந்த அவஸ்தை என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். எனக்கும் அந்தக் கட்டிலில் ஆசை உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆடாத கட்டிலில் ஒரு மதியம் தூங்கினால் அப்படி இருக்கும். சவரிதான் மாட்டேன் என்பாள். அந்த வீட்டுக்குப் போனாலே அவள் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். எழுந்தால் தகரப் பெட்டியில் முட்டிக்கொள்வாள். ஒரு தடவை பேரனின் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். லூர்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக் கூச்சம் இன்னும் போகவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

இதற்கிடையில் துறைமுகக் காரியாலயத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. எங்களுக்குத் தரையில் விலாசம் இல்லாததால் எல்லாக் காகிதமும் லூர்து வீட்டுக்குத்தான் வரும், மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கி வைப்பார். ஆளோ சரக்கோ ஏற்றும் படகுகளுக்கு இந்த வருஷம் புது விதி. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமானால், படகில் வேலை செய்யும் இருவரும் நேரில் வந்து கண்பார்வை காட்ட வேண்டும். இங்கிலீஷை மாப்பிள்ளை தமிழில் வாசித்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைக் காட்டுவதென்ன, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு போய் நின்றால் முடிந்தது. சவரி சிரிக்கவில்லை.

4

வருஷா வருஷம் மாதா திருநாளன்று படகுக்குப் பிறந்தநாள் செய்வது எங்கள் வழக்கம். முன்னணியத்தைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, பாயசம் வைப்போம். இருபதாவது வருஷமாயிற்றே, ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆழக்கயிறு கண்ணில் பட்டது. பழைய கயிறு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓய்ந்திருந்தது. அதில் அடையாளத்துக்குக் கட்டியிருந்தவை பார்க்கச் சகிக்காது. ஒரு இடத்தில் செருப்புத் தோல், ஒரு இடத்தில் சாக்குத் துண்டு, ஒரு இடத்தில் அவளுடைய பழைய வெல்வெட் ரவிக்கையின் கிழிசல். முன்பெல்லாம் அழகாகக் கலர் துணிதான் கட்டியிருப்போம். இரண்டு வருஷமாக அவளே ஒவ்வொன்றாக இப்படி மாற்றிவிட்டிருந்தாள். கஞ்சத்தனம் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

கிள்ளான் கடைத்தெருவில் நல்ல மணிலாக் கயிறு வாங்கினேன். எங்கள் சரக்கிலிருந்து ஒரே தினுசுப் பட்டுத்துணியில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று கலரில் நாடா கிழித்தேன். ஒரு பாகத்துக்குச் சிவப்பு, இரண்டுக்கு வெள்ளை, மூன்றுக்குப் பச்சை. முடிச்சைக்கூட ஒரே அளவாகப் போட்டேன். பாயசம் சாப்பிட்டபின் அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். அவள் கயிற்றை நுனியிலிருந்து நுனி வரை கையால் தடவினாள், மெதுவாக, இரண்டு தடவை. பிறகு, "நல்லாருக்கு" என்றாள்.

கலியாணத்துக்கப்புறம் நான் அவளுக்கு ஆசையாக எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை. அந்த வெட்கத்தில் எனக்கு அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பழைய கயிற்றை விறகுக் கட்டுக்குச் சுற்றிவிட்டேன்.

5

அடுத்த சுற்றில்தான் அது நடந்தது. அந்த வாரம் பெய்த மழையில் பந்திங் பக்கத்து ரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. லோரி வர முடியவில்லை. ஆகவே, எங்களை மறந்துபோயிருந்த ஒரு தோட்டத்துக் கிராணி மறுபடியும் எங்களைக் கூப்பிட்டார். முனியம்மா என்று பால்மரம் வெட்டும் பெண், வாளியோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்திருந்தாள். தோட்டத்து மருந்துக்காரர் மட்டை வைத்துக் கட்டியிருந்தார். கிள்ளான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கூண்டுக்குள் வந்து சாய்ந்தாள்.

காலை எட்டு மணி இருக்கும். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இழுப்போடு போனால் ஆற்று முகத்தைத் தாண்டி மத்தியானத்துக்குள் கிள்ளானைத் தொட்டுவிடலாம் என்று கணக்கு. மற்ற முகங்களில் வழி மாறினாலும் இந்த முகத்தில் அது நடுவில் நேரே ஓடும், இருபது வருஷமாக அப்படித்தான். சவரி முன்னால் நின்று குண்டை வீசினாள். "ரெண்டு பாகம், சேறு" என்றாள். நான் நேரே விட்டேன். மறுபடியும் வீசினாள். குரல் கொஞ்சம் தாமதித்து வந்தது. "ரெண்டு பாகம், சேறு." பத்து எண்ணுவதற்குள் படகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி நின்றுவிட்டது.

கழியைப் போட்டுத் தள்ளினேன். இடுப்பளவு சேற்றில் இறங்கி முதுகு கொடுத்தேன். தண்ணீர்தான் விலகிக்கொண்டே போயிற்று, படகு அசையவில்லை. அரைமணி நேரத்தில் நாங்கள் ஒரு சேற்று மேட்டின் நடுவில் சாய்ந்து கிடந்தோம். இனித் தண்ணீர் ஏறிவரும் வரை ஆறுமணி நேரம். முனியம்மா முதலில், பரவாயில்லை அக்கா, பரவாயில்லை அக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியதும் முனக ஆரம்பித்தாள். குழந்தை தூக்கத்தில் முனகுவது போல, நிறுத்தாமல்.

நான் சேறு பூசிய உடம்போடு முன்னணியத்துக்குப் போனேன். கயிறு குண்டோடு அப்படியே கிடந்தது. தண்ணீரில் நனைந்த அளவு வரை ஈரமாக இருந்தது. ஈரம் சிவப்பு நாடாவோடு நின்றிருந்தது. இரண்டு பாகத்து வெள்ளை நாடா உலர்ந்து கிடந்தது.

"இது சிவப்பு" என்றேன். "ஒரு பாகம். நீ ரெண்டு தடவையும் ரெண்டுன்னு சொன்ன."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபது வருஷத்தில் இந்த ஆற்றில் நான் ஒரு தடவை தட்டியதில்லை, கயிற்றைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியாதா, உள்ளே ஒருத்தி சாகிற மாதிரிக் கிடக்கிறாள் என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"முடிச்சு கையில வந்துச்சுங்க. ஒன்னா ரெண்டான்னு தெரியல. அந்த எடத்துல எப்பவும் ரெண்டுதானே இருக்கும். ரெண்டுன்னு சொல்லிட்டேன்."

"கையில வந்துச்சா? கண்ணு எங்க போச்சு?"

"கண்ணுதான் போயிருச்சு" என்றாள் சவரி.

இரண்டு வருஷமாகவாம். முதலில் வலது கண்ணில் புகை மாதிரி வந்து, பிறகு இடதிலும் இறங்கியிருக்கிறது. இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாட்டம் தெரியும், கலர் தெரியாது. அதனால்தான் தோலும் சாக்கும் வெல்வெட்டும். தோலைத் தொட்டால் ஒன்று, சாக்கைத் தொட்டால் இரண்டு, வெல்வெட்டைத் தொட்டால் மூன்று. கண் இல்லாமலே இரண்டு வருஷம் என்னை இந்தக் கரை முழுக்க நடத்திக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஆசையாகப் பட்டு நாடா கட்டி, அவள் விரல்களிலிருந்து அந்தப் பார்வையையும் பிடுங்கிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் மறுநாளே படகை விற்றுவிட்டு என்னை லூர்து வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவீர்கள் என்றாள். அதில் என்ன தப்பு, பெண் தங்கமாகப் பார்த்துக்கொள்ள மாட்டாளா என்றேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"அங்க நான் குருடிங்க. எந்திரிச்சா முட்டுது, நடந்தா தடுக்குது, தண்ணி மோந்தா சிந்துது. இங்க எனக்கு எல்லாம் தெரியும். உப்பு எங்க, ஊசி எங்க, நீங்க எங்க நிக்கிறீங்க, எல்லாம். கூட இருந்த உங்களுக்கே ரெண்டு வருசமா தெரியலியே. இந்தப் படகுல நான் குருடி இல்ல."

நான் சேற்று உடம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லூர்து வீட்டுத் தகரப் பெட்டி, பால் டம்ளர் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பார்வை போனவள் அவள், குருடாக இருந்தவன் நான். உள்ளே முனியம்மா முனகிக்கொண்டிருந்தாள். சவரி எழுந்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சாய்ந்து கிடந்த படகில் நடந்து போய், குடத்தைச் சரியாக எடுத்து, அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆறுமணி நேரமும் அவள் பக்கத்திலிருந்து விசிறினாள். தண்ணீர் வந்து படகு எழும்பும்போது மணி இரண்டு. கிள்ளானில் முனியம்மாவை நாங்கள் இறக்கிவிட்டபோது, அவள் வலி பொறுக்காமல் உதட்டைக் கடித்து ரத்தமே வந்திருந்தது.

6

கண்பார்வை காட்ட வேண்டிய நாள் அடுத்த வாரமே வந்தது. நான் யோசித்து வைத்திருந்தேன். அங்கே தூரத்தில் கொடியைக் காட்டி என்ன கலர் என்று கேட்பார்கள் என்று ஏற்கெனவே போய்வந்த ஒரு மலாய்க்காரன் சொல்லியிருந்தான். நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு இருமல் என்றால் சிவப்பு, இரண்டு என்றால் பச்சை, இருமாவிட்டால் வெள்ளை. பழைய கயிற்றை விறகுக் கட்டிலிருந்து அவிழ்த்துக் குண்டில் கட்டியாயிற்று. பொய்யோ புரட்டோ, லைசென்ஸ் வந்தால் படகு ஓடும். படகு ஓடினால் அவளுக்குக் கண் இருக்கும். சவரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

காரியாலயத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் ஒரு மேஜையில் விலாசம் கேட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் விலாசத்தைச் சொன்னேன். அங்கே வசிக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை, படகில் என்றேன். படகு எங்கே நிற்கும் என்றார்கள். அது நிற்காது, ஓடும் என்றேன். அந்த மேஜைக்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னை அடுத்த மேஜைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக் கிராணி, வயதானவர், நிதானமான மனுஷர். என்னை முதலில் கூப்பிட்டார். மூன்று கொடியையும் சொன்னேன். பிறகு சவரி போய்க் கோட்டில் நின்றாள். எதிர்ச்சுவர் பக்கம் ஒரு பியூன் கொடியைத் தூக்கிப் பிடித்தான். பச்சை. நான் இரண்டு தடவை இருமினேன்.

"அம்மா, இது என்ன நிறமெண்டு சொல்லுங்கோ" என்றார் கிராணி.

சவரி வாயைத் திறக்கவில்லை. கேட்கவில்லையோ என்று நான் மறுபடியும் இரண்டு தடவை இருமினேன். கிராணி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியலய்யா" என்றாள் சவரி. "எனக்குக் கலர் தெரியாது. ரெண்டு வருசமாச்சு. அவரு இருமுறதக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு. நான் சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அவளுடைய கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, உனக்குப் பைத்தியமா, உனக்காகத்தானே இதெல்லாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஆறு மணி நேரம் அந்தப் பொண்ணு முனகுனது உங்களுக்குக் கேக்கலியா? எனக்கு இன்னும் கேக்குது. நாளைக்குப் பிள்ளத்தாச்சி ஒருத்தி ஏறுவா. அவளையும் நான் சேத்துல உக்கார வைக்கவா?"

பழைய கயிறுதான் திரும்ப வந்துவிட்டதே, இனித் தப்பு வராதே என்று நான் சொல்ல நினைத்தேன். ஆனால் ஆற்று முகத்தில் வழி மாறியிருந்ததை அலையின் நிறத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம், கண் இருந்தவள் சொல்லியிருப்பாள். அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அவள் கையை விட்டேன்.

கிராணி எங்கள் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸ் கிடையாது என்றார். ஆளும் ஏற்ற முடியாது, சரக்கும் ஏற்ற முடியாது. நான், அப்படியானால் நாங்கள் படகைவிட்டு இறங்க வேண்டுமா என்று கேட்டேன். அது எங்கள் வீடு, வேறு வீடு கிடையாது என்றேன். குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓடுற வள்ளத்துக்குத்தான் லைசென்ஸ் கேக்கிறம்" என்றார். "ஓடாத வள்ளத்துக்கு எங்களிட்டை ஒரு சட்டமும் இல்லை. கட்டிப்போட்டிட்டு அதிலை இருக்கிறதெண்டால் இருங்கோவன், ஆர் கேக்கப் போறது?"

7

அப்படியாகப் படகு இப்போது கிள்ளான் பாலத்துக்குக் கீழே, ஒரு சிற்றோடை முனையில் நிற்கிறது. இரண்டு கயிறு முன்னால், இரண்டு கயிறு பின்னால். பாயை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டேன். மற்றப் படகுக்காரர்களுக்குப் பாய் தைத்துக் கொடுக்கிறேன், வயிற்றுக்குப் போதும். தண்ணீர் ஏறினால் மிதக்கிறோம், இறங்கினால் சேற்றில் உட்கார்ந்திருக்கிறோம். இருபது வருஷம் ஓடியவனுக்கு, கட்டிக் கிடப்பது ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஓடும்போதெல்லாம் ஓய்வு வராதா என்று ஏங்கினேன். வந்த ஓய்வில் அலுப்பு குறையவில்லை. மோரிப் கரையில் விடிகாலைக் காற்று வரும் நேரத்துக்கு இன்றைக்கும் எழுந்துகொள்கிறேன், பிறகு திரும்பப் படுத்துக்கொள்கிறேன்.

நடந்ததையெல்லாம் லூர்துவுக்கு எழுதினேன். அம்மாவுக்குக் கண் போய்விட்டதென்றும் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, ஆறு வருஷத்துக்கப்புறம், மகனை இழுத்துக்கொண்டு படகுக்கு வந்துவிட்டாள். வந்தவள் கையில் அம்மாவின் துணிமணியைக் கட்ட ஒரு காலிப் பெட்டி. ஏறும்போதே மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆனால் சொன்னதுபோல் குமட்டவில்லை, தண்ணீர் அமைதியாக இருந்தது.

சவரி அடுப்பு மூட்டினாள். மீன் கழுவினாள், முள் எடுத்தாள், குழம்பு வைத்தாள். பேரன் ஓரத்துக்குப் போனபோது, முதுகைக் காட்டி நின்றவள் திரும்பிப் பார்க்காமலே, "சின்னவனே, அந்தப் பலகை வழுக்கும், இந்தப் பக்கம் வா" என்றாள். லூர்துவுக்கு மோர்மிளகாய் என்றால் உயிர், அவளுக்கு மட்டும் அதைப் பொரித்துத் தட்டின் வலது ஓரத்தில் வைத்தாள். பேரனுக்குப் பால் டம்ளரைச் சரியாகக் கையில் கொடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இரண்டு மணி நேரம் லூர்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சிவந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா இது? அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு. எங்க வீட்டுக்கு வர இஷ்டமில்லன்னா நேரா சொல்ல வேண்டியதுதான. எதுக்குப் பொய் எழுதுனீங்க?"

சவரி கைகழுவிவிட்டு முன்னணியத்துக்குப் போனாள். தண்ணீர் நன்றாக ஏறியிருந்த நேரம். பழைய கயிற்றை எடுத்து, குண்டில் சோப்பைத் தடவி, வழக்கம்போல் வீசினாள். கட்டிக் கிடக்கும் படகில் இது எதற்கென்று நான் அவளைக் கேட்டதில்லை. விரல்கள் தோலைத் தாண்டிச் சாக்குத் துண்டில் நின்றன.

"ரெண்டு பாகம், சேறு" என்றாள்.

"சரி, நேரா விடுறேன்" என்றேன், பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே.